குகைக்குள் பெண்டாட்டியைப் புகழ்ந்தேன்

இருட்டில் யாரோ என் காதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

சுற்றிலும் பெண்கள் அலறினார்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். இருட்டில் அலறும்போது ஒரு பெண் நான்கு பெண். பக்கத்து ஊர் தையல் சங்கத்து அம்மாக்கள், சனிக்கிழமை மதியம் எங்கள் குகையைப் பார்க்க வந்தவர்கள். வழிகாட்டி நான். கையில் டார்ச் இருந்தது. டார்ச்சுக்குள் பேட்டரி இல்லை. அது மாமனாரின் டிவி ரிமோட்டுக்குள் இருந்தது.

ஒரு அம்மா செல்போன் விளக்கைப் போட்டார். வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அலறினார்கள்.

"தம்பி, என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்றார் காதைப் பிடித்திருந்தவர். சங்கத் தலைவி தோக்கியே அம்மாள்.

"ஒண்ணும் பண்ணலைங்க. என் பெண்டாட்டியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்."

"அதான்யா கேக்கறேன். ஏன் சொன்னே?"

நியாயமான கேள்வி. ஏன் சொன்னேன் என்றால், எனக்கு அந்த மலையை விட்டு இறங்கவேண்டும்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கினேன். பதினோராம் வகுப்பு வரை ஒதுங்கினேன். பிறகு தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு என் பேச்சு எப்படிடா இருந்தது?" என்று கேட்டார். சொன்னேன். அதோடு பள்ளி முடிந்தது.

அடுத்த மழைக்கு இந்தக் குகையில் ஒதுங்கினேன். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். ஒருத்தி பின்னாலேயே வந்து டிக்கெட் கிழித்தாள். "மழைக்கு நிக்கறதுக்குமா டிக்கெட்டு?" என்றேன். "மழை வெளியிலதானே பெய்யுது. நீ உள்ள இல்ல நிக்கறே?" என்றாள். அவள்தான் சயோரி. என்னைவிட மூன்று வயது பெரியவள். எனக்குப் பதினெட்டு ஆனதும் கல்யாணம்.

மற்ற வீடுகளில் பெண்ணைக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் என்னைக் கொடுத்தார்கள். பெயரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது நான், பெண் வீட்டுப் பெயரில், இசோபே இக்குமா. வீட்டோடு மாப்பிள்ளை. குகையோடு மாப்பிள்ளை.

குகை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வாசல் மணியை அடித்தால் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெல்மெட் கொடுப்பார். குகை விளக்குகளின் சுவிட்ச் எங்கள் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். குகையின் கடைசி அறையிலிருந்து சமையலறைக்கு ஒரு இன்டர்காம் உண்டு. "திரும்பி வர்றோம், டீ போடுங்க" என்று சொல்ல.

நடுவில் இருப்பது கல். இந்தக் கல்லுக்குப் பெயர் யானைக்கால். அந்தக் கல்லுக்குப் பெயர் தவளை மடம். எல்லாக் கல்லும் ஈரம். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் முக்கால் மணி நேரம் சொல்லவேண்டும்.

கடைசி அறையில் மலைத்தேவி இருக்கிறாள். அவளுக்கு முகம் அவ்வளவு சரியில்லை. அதனால் பொறாமை அதிகம். அழகான பெண் ஒருத்தி எங்கேயாவது நன்றாக இருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், பாறையை உருட்டிவிடுவாள். அவளைச் சமாதானப்படுத்தக் காய்ந்த முள்மீன் ஒன்று பெட்டியில் வைத்திருக்கிறோம். கடலிலேயே அசிங்கமான மீன். பெட்டியைத் திறந்து காட்டுவோம். தன்னைவிட மோசமான மூஞ்சி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

மீன் மட்டும் போதாது. விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் ஆண்பிள்ளை அங்கே நின்று தன் பெண்டாட்டியைப் பற்றி மூன்று குறை சொல்லவேண்டும். சத்தமாக. பிறகு இரண்டு தடவை கைதட்டவேண்டும். அப்போதுதான் எல்லாரும் முழுசாக வெளியே வரலாம்.

மாமனார் அதை முப்பது வருடம் செய்தார். குகைக்குள் நின்று மாமியாரைக் கிழி கிழி என்று கிழிப்பார். வெளியே வந்ததும், "கிமியே, செருப்பை எங்க விடட்டும்?" என்று கேட்பார். இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. முறை எனக்கு வந்தது.

ஆரம்பத்தில் சுலபமாக இருந்தது. எனக்குப் பொய் வராது. சயோரியிடம் உண்மையான குறைகளும் இருந்தன. குறட்டை விடுவாள். நான் பைக் ஓட்டும்போது பின்னால் இருந்து ஓட்டுவாள். முட்டையை வேகவைக்கிறேன் என்று அடுப்பை மறந்துவிடுவாள். வந்தவர்கள் சிரித்தார்கள். தேவியும் சிரித்திருப்பாள். ஆனால் ஆறே மாதத்தில் குறைகள் தீர்ந்துவிட்டன. நானும் தேடித்தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பழைய குறட்டையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒகயாமா நகரத்தில் ஒரு டயர் கடையில் வேலை கிடைத்தது. தங்க இடத்தோடு. திங்கட்கிழமை சேரவேண்டும். எனக்கு டயர் பிடிக்கும். டயர் உருளும். கல் ஐம்பதாயிரம் வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கும்.

சயோரியிடம் சொன்னேன்.

"ஒகயாமா போகப்போறேன்."

"போயேன்."

"நீயும் வர்றே."

"வர்றேன். குகையை யார் காட்டறது?"

"மாமா."

"அப்பா கக்கூசுக்கே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு."

"அப்ப மூடிடலாம்."

"ரொம்ப நல்லது. அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

அங்கேதான் சிக்கல். நான் நேர்மையானவன். தைரியசாலி என்று நான் சொல்லவில்லை. என் மாமியார் கத்தமாட்டார். திட்டமாட்டார். "சரிங்க மாப்ள" என்பார். அந்த "சரிங்க"வுக்குப் பிறகு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

வியாழக்கிழமை சயோரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேச்சை எடுத்தாள்.

"சின்ன வயசுல ஒண்ணு கேட்டிருக்கேன். தேவி முன்னாடி எவனாவது பெண்டாட்டியைப் புகழ்ந்துட்டா, அப்புறம் அவனைக் குகைப் பக்கமே விடமாட்டாங்களாம். ஒரேயடியா விலக்கிடுவாங்களாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நெசமாவா?"

"அப்படித்தான் ஞாபகம். அதெல்லாம் உன்னால ஆகாது, விடு."

"ஏன் ஆகாது?"

"என்னைப் பத்தி நல்லதா சொல்ல உனக்கு என்னடா தெரியும்?"

"மூணு சொல்லணுமா?"

"ஒண்ணு சொல்லு பாப்போம்."

நான் சட்டையைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே கடைசித் துண்டை மடித்தாள்.

"பார்த்தியா? சரி, நகரு. சனிக்கிழமை அம்மா மூங்கில் குருத்து வேகவைக்கணும். பொழுதுக்கும் சமையலறையிலதான் இருப்பாங்க. சாக்குப்பையை எடுத்து உள்ள போடு."

போட்டேன். போடும்போதே திட்டம் முழுசாக மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை மாமியார் சமையலறையில். சமையலறையில் இன்டர்காம். கடைசி அறையில் நான். பட்டனை அழுத்திவிட்டுப் பெண்டாட்டியைப் புகழவேண்டும். மாமியார் காதால் கேட்பார். என்னை விலக்குவார். நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவேண்டாம். திங்கட்கிழமை டயர்.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சியதில்லை.

சனிக்கிழமை. கடைசி அறை. மீனைக் காட்டினேன். தையல் சங்கம் முகத்தைச் சுளித்தது. இன்டர்காம் பட்டனை அழுத்திப் பிடித்தேன். தொண்டையைச் செருமினேன்.

"இப்ப என் பெண்டாட்டி சயோரியைப் பத்தி மூணு விஷயம் சொல்லப்போறேன்."

"சொல்லு, சொல்லு," என்றார் தோக்கியே அம்மாள். "என் வீட்டுக்காரரும் வெளியில இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

"ஒண்ணு. பாம்பு வந்தா அவ என் பின்னாடி ஒளியமாட்டா. நான்தான் அவ பின்னாடி ஒளிவேன். ஒரு நாளும் யார்கிட்டயும் அதைச் சொன்னதில்லை."

சங்கத்தில் சலசலப்பு.

"தம்பி, இது திட்டா?"

"ரெண்டு. நம்ம ஊரு எழுத்து ரெண்டாயிரத்துல பாதி எனக்குப் படிக்கத் தெரியாது. வர்றவங்க பேரை எழுதிக் கொடுத்தா முழிப்பேன். அவ டீ கொண்டுவர்ற மாதிரி வந்து காதுல சொல்லிட்டுப் போவா. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"ஐயையோ, தம்பி, நிறுத்து. இது புகழ்ச்சி!"

"மூணு. அவ சிரிச்சா சோத்துக்கைப் பக்கம் ஒரு பல்லு வெளியே வந்து எட்டிப்பாக்கும். அது நல்லா இருக்கும்."

மூன்றோடு நிறுத்தியிருக்கவேண்டும். திட்டம் மூன்றோடு முடிந்துவிட்டது. வாய் நிற்கவில்லை.

"பனி பெய்யறப்ப என் சாக்ஸை ரைஸ் குக்கர் மேல வெச்சுச் சூடாக்கித் தருவா."

"சோத்து மேலயா?" என்றார் யாரோ.

"மூடி மேலதாங்க. அப்புறம், நான் பேசறதைக் கேட்டு மத்தவங்க கோவிச்சுக்குவாங்க. அவ மட்டும் கோவிச்சுக்கமாட்டா. அப்புறம்..."

விளக்கு அணைந்தது.

மொத்தமாக. யானைக்கால், தவளை மடம், மீன், தேவி, எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கு மலைத்தேவி மீதெல்லாம் நம்பிக்கை கிடையாது. வெளிச்சத்தில் கிடையாது. அந்த இருட்டில், "தாயே, சாக்ஸை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று நான் கத்தியதாகத் தோக்கியே அம்மாள் பிறகு ஊரெல்லாம் சொன்னார். சொன்னது உண்மை.

செல்போன் வெளிச்சத்தில் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் மாமியார் உப்போடு நின்றார். ஊறுகாய்க்கு வைத்திருந்த உப்பு. ஜாடியோடு கொண்டுவந்து, தீட்டுக் கழிய என் தலையில் கொட்டினார்.

"எல்லாம் கேட்டேன் மாப்ள."

நான் குனிந்து நின்றேன். சிரிப்பை மறைக்க.

"நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எம்பொண்ணைப் பத்தி யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனா அங்க சொல்லலாமா?"

"தப்புதாங்க அத்தை. இனிமே குகைக்குள்ள போகமாட்டேன்."

"போகாம? தினமும் போகணும். விருந்தாளிங்க முன்னாடி தேவிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"தினமுமா?"

"அவ மனசு ஆற வரைக்கும். பனிக்காலத் திருவிழா வரைக்கும் நீங்க மலை இறங்கற பாலத்தைத் தாண்டக்கூடாது. கோபப்படுத்தினவன் மலையை விட்டு ஓடினா, அவ ஊர் மேல பாறையை உருட்டிடுவா."

இப்போது மரங்களில் பூ. பனி வருவதற்கு இன்னும் ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் பாக்கி.

"அத்தை, ஒகயாமாவுல ஒரு வேலை..."

"சரிங்க மாப்ள," என்றார் மாமியார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

சயோரி டீத் தட்டோடு நின்றாள்.

"விலக்கிடுவாங்கன்னு சொன்னியேடி!"

"அப்படியா சொன்னேன்? தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன் போல."

கூடத்தில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"நான்கூட ஒசாகா போறதாத்தான் இருந்தேன்."

"எப்ப மாமா?"

"கல்யாணம் ஆன புதுசு. உள்ள போய் உங்க அத்தையைப் புகழ்ந்தேன்."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். பேட்டரி நன்றாக வேலை செய்தது.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சயோரியைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பைக்கைப் போன மாதமே விற்றாகிவிட்டது. பஸ் வந்தது. நின்றது. கதவு திறக்கவில்லை. டிரைவர் ஜன்னலை இறக்கினார்.

"இசோபே வீட்டு மாப்ளதானே?"

"ஆமா. கதவைத் திறங்க."

"திறக்கமாட்டேன் தம்பி."

"டிக்கெட் எடுக்கறேன்யா!"

"நீ பஸ்ஸையே விலைக்கு வாங்கு. என் வீடு பாலத்துக்குக் கீழ, அடிவாரத்துல இருக்கு. போன வருசம்தான் ஓடு மாத்தினேன்."

"நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?"

"நம்பலை. ஓடு புதுசு."

பஸ் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் எனக்குக் கை காட்டினார்கள். ஒரு பாட்டி கும்பிட்டார். என்னை இல்லை. எனக்குப் பின்னால் இருந்த மலையை.

ஓரமாக உட்கார்ந்து டயர் கடை முதலாளிக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் தள்ளி வருகிறேன் என்று கெஞ்சலாம் என்று எண்ணம். அதற்குள் வேறு வழி ஏதாவது கிடைக்காமலா போகும்?

"அண்ணே, இக்குமா பேசறேன்."

"அட, நீயா? உன் சம்சாரம் எல்லாம் சொல்லிட்டாங்கப்பா. மலைத்தேவிக்கு உன் மேல கோபமாமே? பாலம் தாண்டக்கூடாதாமே? பாவம்."

"ஆமாண்ணே. நேத்துதான்..."

"நேத்தா? அவங்க செவ்வாய்க்கிழமையே போன் பண்ணிட்டாங்களே."

"எந்தச் செவ்வாய்க்கிழமை?"

"இந்த வாரம்தான்."

"அண்ணே, நான் புகழ்ந்தது சனிக்கிழமை."

"எனக்கென்னப்பா தெரியும்? சாமி முன்கூட்டியே கோபப்பட்டிருக்கும். இங்க பாரு, இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வர்றதா இருந்தா நாளைக்குக் காலையில கடை திறக்கறப்ப நில்லு. இல்லைன்னா வேற பையனைப் போட்டுடுவேன்."

போனை வைத்தேன். யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் இது சின்னக் கணக்கு. புகழ்ந்தது சனிக்கிழமை. கோபம் செவ்வாய்க்கிழமை. சுவிட்ச் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். முதுகுப் பக்கம் யார் நின்றிருப்பார்கள்?

வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். மாமியார் அக்கம்பக்கத்துக்கு மூங்கில் குருத்து கொடுக்கப் போயிருந்தார். சயோரி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விளக்கை அணைச்சது நீதானே?"

"ஆமா," என்றாள். அரிசி களைவதை நிறுத்தவில்லை.

மறுப்பாள் என்று வழியெல்லாம் சண்டையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் வீண்.

"ஆமாவா? வெக்கமா இல்லை?"

"கொஞ்சம் இருக்கு. அந்த அம்மாக்கள் பயந்துட்டாங்க, பாவம். அடுத்த தடவை டிக்கெட் இல்லாம விட்டுடலாம்."

"செவ்வாய்க்கிழமையே கடைக்காரருக்குப் போன் பண்ணியிருக்கே! வியாழக்கிழமைதானே எனக்குத் தூண்டில் போட்டே?"

"நீ கடிப்பேன்னு தெரியும்."

"உங்கம்மாவும் கூட்டா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க நெசமாவே நடுங்கிட்டாங்க. ராத்திரி பூரா தேவிகிட்ட உனக்காக வேண்டிக்கிட்டாங்க."

நான் பையைக் கீழே போட்டேன். பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். உள்ளே இரண்டு சட்டைதான் இருந்தது. சத்தம் வரவில்லை.

"ஏண்டி பண்ணே? போகவேண்டாம்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. புத்தாண்டுக்கே, நீ டயர் வேலை தேட ஆரம்பிச்சப்பவே சொன்னேன். 'கல்லு நிக்குது, டயர் உருளுது'ன்னு பதில் சொன்னே. நான் எதுல சேர்த்தின்னு கேட்டேன். கொட்டாவி விட்டே."

ஞாபகம் இருந்தது. தூக்கம் வந்தது, விட்டேன்.

"ஆறு மாசமா என் குறட்டையை ஊர் ஊரா அனுப்பி வெச்சே," என்றாள் சயோரி. "கடைக்குப் போனா, 'குறட்டை சௌக்கியமா?'ன்னு கேக்கறாங்க. பரவாயில்லை, அது முறைன்னு விட்டுட்டேன். நீ போறதுன்னு ஆயிடுச்சுன்னா, போறதுக்கு முன்னாடி உனக்கு என்னைப் பத்தி நல்லதா ஏதாவது தெரியுமான்னு ஒரு தடவை கேட்டுடணும்னு தோணிச்சு. மூணு சொல்லுவேன்னு நினைச்சேன். நீ நிறுத்தவே இல்லை. அஞ்சுக்கு மேல போனப்ப எனக்குப் பயமா போச்சு. அணைச்சுட்டேன்."

"எதுக்குப் பயம்?"

"அழுதா அம்மா பார்த்துடுவாங்கல்ல."

நான் கீழே கிடந்த பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.  

அவள் அரிசியை ரைஸ் குக்கரில் போட்டாள். கையைத் துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாயங்கால பஸ் இன்னும் போகலை. போகணும்னா போகலாம். அம்மா வந்ததும் சுவிட்சைத் தட்டினது நான்தான்னு சொல்லிடறேன். தேவிக்குக் கோபமே இல்லைன்னு ஆயிடும். டிரைவர்கிட்டயும் நானே வந்து சொல்றேன். கதவைத் திறப்பாரு. நாளைக்குக் காலையில கடையில நிக்கலாம்."

"நெசமாவா?"

"நெசமா. எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணிட்டுப் போ."

"என்ன வேணாலும் பண்றேன்."

"நேத்து உள்ள சொன்னியே, அதுல ஏதாவது ஒண்ணு பொய்யுன்னு சொல்லு. எல்லாம் வேண்டாம். ஒண்ணு போதும். திட்டத்துக்காகத்தான் சொன்னேன், மனசுல இருந்து வரலைன்னு சொல்லு. நானும் ஏங்காம அனுப்பி வெச்சுடுவேன்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரு பொய். உலகத்தில் எல்லாரும் தினம் சொல்வது. பாம்பை எடுத்தேன். போன வாரம்கூட அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். வைத்துவிட்டேன். எழுத்தை எடுத்தேன். பஸ் நிறுத்தத்துப் பலகையில் எழுதியிருப்பதையே அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். சாக்ஸை எடுத்தேன். என் காலில்தான் இருந்தது. பல் ஒன்றுதான் மிச்சம். பல் நன்றாக இல்லை, அவ்வளவுதான், மூன்றே வார்த்தை, டயர் என் கையில் என்று வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். பல் வெளியே எட்டிப்பார்த்தது.

பாலத்துக்குக் கீழே பஸ் ஹாரன் கேட்டது.

"சீக்கிரம் சொல்லுடா," என்றாள். "பஸ் வந்துடுச்சு."

நான் சொல்லவில்லை.